கறுப்புப் பட்டை அக்கா

கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்து, மெயின்லேண்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களெல்லாம் கப்பலேறிப் போய், வீட்டில் முறுக்குத் தூள்கூட மிச்சமில்லாத ஒரு நாளில்தான் அக்கா வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்.

"டி.வி. எங்க இருக்கு?"

காபி வேண்டாம், டீ வேண்டாம், பொண்ணும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்ற விசாரிப்பும் கிடையாது. நேராகப் போய் டி.வி.யின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்காருவார். அதன் தலைமேல் விரித்திருக்கும் பூவேலைத் துணியை மடித்து ஒதுக்கி வைப்பார். கைப்பையிலிருந்து கல்யாண டி.வி.டி.யை எடுத்து, புடவைத் தலைப்பில் ஒரு துடை துடைத்துப் பிளேயரில் போடுவார். பிறகு முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பார். நடுவில் ஓட்டிவிடுவதற்கோ, பின்னால் போவதற்கோ யாருக்கும் அனுமதி இல்லை. கல்யாணப் பெண்ணே கொட்டாவி விடுகிற இடத்தில்கூட அக்கா கண்ணை எடுக்க மாட்டார். கடைசியில் 'நன்றி, வணக்கம்' வந்து மறைந்ததும்தான் எழுந்து, "ம்… ஓடுது" என்பார். அதற்கு அப்புறம் டீ குடிப்பார். சர்க்கரை தூக்கலாக.

போர்ட் பிளேரில் அப்போது கல்யாண வீடியோ எடுத்தவர்கள் நிறையப் பேர். டி.வி.டி.யைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தால் அவர்கள் வேலை தீர்ந்தது. எந்த வீட்டில் ஓடப்போகிறதோ அந்த வீட்டு டி.வி.யில் ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர் இவர் ஒருவர்தான். ஊரில் அவருக்குக் கறுப்புப் பட்டை அக்கா என்று பெயர். கராத்தே கற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டையின் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பாவின் ஹார்டுவேர் கடை டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருந்தது. கடைக்கு மேலே மாடியில் அக்காவின் அறை. நான் காலேஜ் முடித்துவிட்டு, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கடையில் ஆணியும் பெயிண்டும் விற்பதைப் பார்த்துக்கொள் என்று அப்பா உட்கார வைத்திருந்தார். நான் பாதி நேரம் மாடியில்தான் இருந்தேன். அக்காமேல் பாசம் என்று சொன்னால் பொய். அந்தக் கட்டடத்திலேயே ஏ.சி. இருந்தது அந்த ஒரு அறையில்தான். கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்று போட்டது. அந்தக் குளிரில் கால்களை மடக்கி உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் கல்யாணங்களை எல்லாம் பார்த்துத் தீர்த்தேன். பாசம் பிறகுதான் வந்தது.

கேமராவைத் தூக்குபவர் அக்காவின் வீட்டுக்காரர். சென்னைக்குப் போய் எச்.டி. கேமரா ஒன்று வாங்கி, கப்பலில் திரும்பி வரும்போது மூன்று நாளும் அதை மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்தவர். "தீவுலயே மொத எச்.டி. நம்மதுதான்" என்று எல்லோரிடமும் சொல்வார். யாரும் மறுத்துப் பேசவில்லை, எச்.டி. என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாததால். ஆனாலும் கல்யாணம் பேசவருகிற ஒவ்வொருவரும், "எச்.டி.யிலதானே எடுப்பீங்க?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். கேட்டவர்கள் வீட்டிலெல்லாம் வயிறு தள்ளிய பழைய டி.வி.யும் ஒரு டி.வி.டி. பிளேயரும்தான். அகலமான தட்டை டி.வி. என்பது பெரிய ஆபீசர் யாராவது வீட்டில் இருந்தால் உண்டு.

ஆக, கணவர் அகலமும் தெளிவுமாகப் பெரிய படத்தை அள்ளிக்கொண்டு வருவார். மனைவி அதை ஒரு சின்ன டி.வி.டி.க்குள், சின்ன டி.வி.க்குத் தகுந்தபடி, அழகு கெடாமல் இறக்கித் தர வேண்டும். இதை அக்கா எனக்கு விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது.

"கச்சாலுக்குப் போயிருக்கியா தங்கச்சி? அங்க நான் சின்னப் புள்ளையா இருக்கையில பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரமா நடுத்தண்ணியில நிக்கும். ஆளுங்கள ஒவ்வொருத்தரா ஏணியில எறக்கி, சின்ன போட்டுல ஏத்தித்தான் ஜெட்டிப் பாலத்துக்குக் கொண்டாரணும். இவரு பெரிய கப்பலக் கொண்டாந்து நிறுத்திட்டு, கையக் கட்டிட்டு நிக்கிறாரு. எறக்குறது நானு. எறக்கையில ஒருத்தரும் தண்ணியில விழப்புடாது. அம்புட்டுத்தான் வேல."

அக்காவின் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் மாடி அறையில் இன்னொரு ஆளும் இருந்தது என்றே சொல்லலாம். ஒரு பழைய சின்ன டி.வி. அதற்கு அக்கா வைத்த பெயர் மாமியார். நிறம் கொஞ்சம் கூடினால் சிவப்பைச் சேலைக்கு வெளியே வழியவிடும். மெல்லிய கோடு வந்தால் நடுங்கிக் காட்டும். எல்லா டி.வி.யும் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் முழுங்கும், இது இன்னும் கூடுதலாக முழுங்கும். எந்தக் குறையையும் மறைக்கத் தெரியாத டி.வி.

"மாமியாருக்குப் புடிச்சுப் போச்சுன்னா ஊருல எந்த டி.வி.யும் கொற சொல்லாது" என்பார் அக்கா. கம்ப்யூட்டரில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அவர் நம்ப மாட்டார். டி.வி.டி.யில் எழுதி, மாமியாருக்குப் போட்டுக் காட்டி, அதன் சம்மதம் கிடைத்த பிறகுதான் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கிளம்புவார்.

ஒருமுறை சின்னக் கட்டம் போட்ட பட்டுப்புடவை கட்டிய மணப்பெண் ஒருத்தி. கம்ப்யூட்டரில் புடவை ஜொலித்தது. அக்காவின் கணவருக்கு ஒரே பெருமை. மாமியாரில் போட்டதும் புடவை முழுக்க எறும்பு ஊர்வது போல ஒரு நெளிவு. பெண் பாவம் அசையாமல்தான் நின்றாள், புடவை மட்டும் கொதித்தது. அக்கா என்னவோ செய்து படத்தின் கூர்மையை ஒரு துளி குறைத்தார். கணவருக்குத் தாங்கவில்லை.

"எச்.டி.யில எடுத்தத இப்படி மங்கலாக்குறியே, இது நாயமா?"

"கொஞ்சம் மங்கலாப் பாத்தாத்தான் சில விஷயம் நல்லாத் தெரியும். கல்யாணமானதுலேர்ந்து ஒங்கள நான் அப்புடித்தான் பாத்துட்டு இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். எறும்பும் நின்றுவிட்டது.

இன்னொரு முறை, மாமியாரே ரிப்பேருக்குப் போயிருந்த வாரம், ஒரு வங்காளி வீட்டுக் கல்யாணம். அவசரம் என்று அவர்கள் பறந்ததால், கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்து டி.வி.டி.யைக் கொடுத்துவிட்டார். அப்போதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஆனால் மனசு கேட்கவில்லை போல. மறுநாள் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார். அந்த வீட்டுச் சந்தேஷ் இனிப்பு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டு நானும் ஒட்டிக்கொண்டேன்.

போனால், கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நின்றவர்கள் எல்லாம் நன்றாகத் தெரிந்தார்கள். நடந்தவர்கள், ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் குளிர்ஜுரம். படம் கோடு கோடாக, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் அந்த டி.வி.களுக்குப் போகுமாம். எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை மாறிப்போனால் நகர்வதெல்லாம் உதறும், கம்ப்யூட்டர் திரையில் அது தெரியாது என்று அக்கா பிறகு சொன்னார். அந்த வீட்டுக்காரர்களோ சந்தோஷமாக ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"பஹுத் அச்சா ஹை தீதி! நாச் மே தோ ஹில்தா ஹி ஹை!" என்றார் வீட்டுப் பெரியவர். நாச், அதாவது ஆட்டம், என்றால் ஆடத்தானே செய்யும் என்பது அவர் வாதம்.

அக்கா திரையில் ஒருவரைக் காட்டினார். தாம்பூலத் தட்டோடு மெதுவாக நடந்துவரும் ஒரு முதியவர், தட்டு வேறு, ஆள் வேறாக உதறிக்கொண்டு வந்தார். "அவரும் நாச்சா?" என்று கேட்டுவிட்டு, பிளேயரிலிருந்து டி.வி.டி.யை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். குடும்பமே கத்திக்கொண்டு தெருமுனை வரை பின்னால் வந்தது. எனக்குச் சந்தேஷ் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வீடு வீடாகப் போய் உட்காருகிற வழக்கம்.

இனி கறுப்புப் பட்டை. அகலமான படத்தைக் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும் டி.வி.யில் காட்ட, எல்லா ஸ்டுடியோக்காரர்களுக்கும் தெரிந்த சுலபமான வழி ஒன்று உண்டு. இரண்டு பக்கத்தையும் வெட்டிவிடுவது. திரை நிறையப் படம் தெரியும். ஓரத்தில் நின்ற சித்தப்பாவும் அத்தையும் மட்டும் காணாமல் போவார்கள். அக்கா வெட்ட மாட்டார். முழு அகலத்தையும் உள்ளே கொண்டுவருவார். டி.வி. முழுங்கும் ஓரத்துக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து வைப்பார். அதனால் படத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கறுப்புப் பட்டை விழும்.

இந்தப் பட்டைக்கு அவர் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. பாதி டி.வி.யை முழுங்கிவிட்டார்கள் என்றார்கள். கல்யாண வீட்டில் கறுப்பு அபசகுனம் என்றார்கள். ஒரு வீட்டில் மேல் பட்டையை மறைக்க டி.வி.க்குப் பிளாஸ்டிக் மாலையே சாத்தியிருந்தார்கள். இன்னொரு வீட்டில், பட்டை வேண்டாம், படத்தை நசுக்கியாவது நிறைத்துக் கொடுங்கள் என்றார்கள். நசுக்கிக் காட்டினார். எல்லோரும் பனைமரமாக நீண்டு தெரிந்தார்கள். குண்டு மாப்பிள்ளை மட்டும், "இதுவே நல்லாருக்கே" என்றார். பட்டை பிடிக்காமல் வேறு ஸ்டுடியோவுக்குப் போனவர்கள் உண்டு. கணவர் தலையில் அடித்துக்கொள்வார். அக்கா அசையவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குள்ளேயே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். கச்சாலில் அலை கொண்டுபோன யாரோ ஒருவர், எஞ்சிய ஒரே வீடியோவின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்க வேண்டும் என்று. ஒருநாள் மெதுவாகக் கேட்டும்விட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எல்லாத்துக்கும் சுனாமியா? அரே, நான் அதுக்கு முன்னாடியே இப்புடித்தான்!"

நடந்தது என்னவென்றால், அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது தோட்டத்துக்கு ஒரு போட்டோக்காரர் வந்திருக்கிறார். மொத்தக் குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி ஒரு குரூப் போட்டோ. ஓரத்தில் நின்ற அக்கா, புதுப் பாவாடை கட்டி, மூச்சைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றாராம். பிரிண்ட் வந்து பார்த்தால், ரப்பர் வளையல் போட்ட ஒரு முழங்கை மட்டும் இருக்கிறது.

"வீட்டுக்கு யாரு வந்தாலும் போட்டோவக் காட்டி, 'இது அண்ணன், இது அத்தை, இந்த முழங்கை நம்ம பாப்பா'ன்னு சொல்லுவாங்க. எங்க குடும்பத்துல பேர் போன முழங்கை அது." கொஞ்சம் சிரித்துவிட்டு, "அந்தப் போட்டோவும் தண்ணியோட போச்சு. இப்ப முழங்கையும் இல்ல" என்றார். உடனே மாமியார் பக்கம் திரும்பி, யாரோ ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகை நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.

அதற்குள் எனக்கும் மாப்பிள்ளை அமைந்துவிட்டார். அதே ஊரில் குட்வில் எஸ்டேட் பகுதியில் வீடு. கல்யாணம் போர்ட் பிளேரிலேயே. வீடியோ யார் என்பதில் பேச்சே இல்லை. பேச்செல்லாம் பெரியப்பாவைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம்.

ஹார்டுவேர் கடையை ஆரம்பித்தது அப்பாவும் அவருடைய அண்ணனும் சேர்ந்துதான். சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுவிட்டது பெரியப்பாதான். போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். மேட்டில் அவர் இறங்கித் தள்ளுவாரே தவிர என்னை இறங்க விட மாட்டார். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரத்தில் தங்கியிருந்தபோது, நிலம் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தது. கடையை மூடிவிட்டு எல்லோரும் திருநெல்வேலிக்கே போய்விடலாம் என்றார் பெரியப்பா. அப்பா முடியாது என்றார். அத்தனை பேர் முன்னால் பெரியப்பா கத்தினார்: "ஒனக்குக் கடதாம்ல பெருசு. பிள்ளையக் கடலுக்குக் குடுத்துட்டு, நீ ஆணி வித்துக்கிட்டு கெட!"

பிள்ளை என்றது என்னைத்தான்; எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை அப்பா மறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் பெரியப்பாவும் திருநெல்வேலிக்குப் போகவில்லை. பெரியம்மாவின் சொந்தக்காரர்கள் வடக்கே திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருந்தார்கள், அங்கே போய்விட்டார். இரண்டு பேருமே தீவை விடவில்லை. பேச்சை மட்டும் விட்டுவிட்டார்கள். இடையில் ஒரு பகல் முழுக்க ஓடும் பஸ் பயணம், அதைவிட நீளமான வீம்பு.

அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் போன் போட்டிருக்கிறாள். என் கல்யாணத்தன்று பெரியப்பா வந்துவிட்டார். மேடைக்கு வரவில்லை. அப்பா வாசலில் இந்தப் பக்கம் நின்றால் அவர் அந்தப் பக்கம் தூணோரம் நின்றார். அப்பா பந்தியில் இந்தக் கோடியில் பாயசம் ஊற்றினால், அவர் அந்தக் கோடியில் சும்மா நின்றார். நடுவில் நாங்கள் அத்தனை பேரும். சாப்பிட்டாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் தேடும்போது பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். அக்காவின் கணவருக்கு மட்டும் பெரிய திருப்தி. "மண்டபத்த இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் கவர் பண்ணிட்டேன்" என்றார்.

டி.வி.டி.யோடு அக்கா வந்த அன்று நானும் என் வீட்டுக்காரரும் அப்பா வீட்டில் இருந்தோம். படம் ஓடியது. மேலும் கீழும் கறுப்பு, நடுவில் என் கல்யாணம். ஒரு ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் பெரியப்பா. அப்பா பார்த்தார். நாற்காலியில் நெளிந்தார். முடிந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இந்தக் கறுப்ப எடுத்திரு. காசு போட்டு டி.வி. வாங்கியிருக்கோம்லா? டி.வி. நெறையத் தெரியணும்."

"எடுத்தா ஓரத்துல இருக்கிறவங்க போயிருவாங்க அண்ணாச்சி."

"ஓரத்துல நிக்க ஆளுவ ரெண்டு பேரு போனா போகட்டும். அதுல ஒண்ணும் கொறஞ்சிராது."

எந்த ஆளைச் சொல்கிறார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அக்கா "டீக் ஹை, சரி" என்று டி.வி.டி.யைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. பெரியப்பா என் கல்யாணத்துக்கு வந்தார் என்பதற்கு அந்த வீடியோவைத் தவிர வேறு அத்தாட்சியே இல்லை. ஒரு போட்டோவில்கூட அவர் வந்து நிற்கவில்லை. மறுநாளே மாடி ஏறினேன்.

"அக்கா, பெரியப்பாவ வெட்டிராதீங்க."

"நான் என்னைக்கு யார வெட்டினேன்?"

"அப்பா டி.வி. நிறையணும்னு…"

"நெறச்சுத் தரேன்னு சொல்லியாச்சு. நீ போ, ஏ.சி. வெளிய போவுது."

ஊரே எதிர்த்தபோது வளையாதவர் அப்பாவுக்கு வளைந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். வேண்டுமென்றே கதவைச் சாத்தாமல் இறங்கி வந்தேன். அந்த அறைக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

அடுத்த வாரம் அக்கா மறுபடி அப்பா வீட்டுக்கு வந்தார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார். பூவேலைத் துணி மடிக்கப்பட்டது. படம் ஆரம்பித்தது. கறுப்பு இல்லை. திரை விளிம்புவரை படம்.

"பாத்தியா! இப்பம் எப்படி இருக்கு!" என்றார் அப்பா. நான் என் வளையலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா முன்னால் குனிந்தார். வாசலில் விருந்தினரை வரவேற்கும் காட்சி. தூணோரம் பெரியப்பா, கட்டம் போட்ட சட்டையில், ஆளே தெளிவாக நிற்கிறார். அப்பாவைக் காணோம். பன்னீர் தெளிக்கும் காட்சி. பெரியப்பா இருக்கிறார், அப்பா இல்லை. தாலி கட்டும்போதும் தாரை வார்க்கும்போதும் அப்பா நடுவில் நின்றார், அதனால் தப்பித்தார். மண்டபத்தை அகலமாக எடுத்த இடங்களிலெல்லாம் அவர் திரைக்கு வெளியே போயிருந்தார். அகலப் படத்தை வெட்டும்போது இரண்டு பக்கமும் சமமாக வெட்ட வேண்டும் என்று சட்டம் இல்லையே. அக்கா காட்சிக்குக் காட்சி உட்கார்ந்து, படத்தின் சட்டகத்தைப் பெரியப்பா பக்கமாகவே நகர்த்தி வைத்திருந்தார்.

பந்தி வந்தது. அந்தக் கோடியில் பெரியப்பா நிற்கிறார். இந்த ஓரத்திலிருந்து பாயசக் கரண்டியோடு ஒரு கை மட்டும் உள்ளே வந்து வந்து போகிறது.

"அது யாரு முழங்கை?" என்றார் அப்பா.

"நீங்கதான் அண்ணாச்சி."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவர் தொடையில் கிள்ளினேன். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன வெளயாட்டு இது? எம் மவ கல்யாணத்துல நான் முழங்கையா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது சின்ன போட்டு அண்ணாச்சி. டி.வி. நெறையணும்னா ரெண்டு ஓரமும் இதுல ஏறாது. ஒருத்தர் தண்ணியிலதான் நிக்கணும். யாருன்னு நீங்க சொல்லுங்க, மாத்திக் கொண்டாரேன்."

படம் அதன் பாட்டுக்கு ஓடியது. எல்லோரும் என்னோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம். அங்கே மண்டபத்தின் தூரத்து ஓரத்தில் நின்ற பெரியப்பாவை அக்கா இன்னும் கிட்டே கொண்டுவந்திருந்தார். வழக்கமாக அப்படி இழுத்தால் முகம் கலங்கிவிடும். பெரிய எச்.டி. படத்திலிருந்து எடுத்ததால் முகம் அப்படியே தெளிவாக நின்றது. முதல் டி.வி.டி.யில் மிளகு அளவு தெரிந்த முகம் இப்போது திரையில் பாதி. அந்தக் கேமராவின் மகிமை எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

"ஒருக்கா பின்னால போ" என்றார் அப்பா.

யாருக்கும் அந்த அனுமதியைக் கொடுக்காத அக்கா, தானே ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். மறுபடி பந்தி. மறுபடி வாசல். பெரியப்பா மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே திசையில்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க பாக்காரு?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"படத்துக்கு வெளிய" என்றார் அக்கா. "நீங்க நின்ன பக்கம்."

அப்பாவின் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, "நாந்தான் போன் போட்டு வரச் சொன்னேன். ஏசணும்னா என்னைய ஏசுங்க" என்றாள். அப்பா ஏசவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கறுப்பயே போட்டுக் குடு தாயி."

அக்காவின் கைப்பையில் அது தயாராக இருந்தது, ஒன்றுக்கு இரண்டாக. ஒன்றை டி.வி.யின் மேல் வைத்தார். மற்றதை அப்பாவிடம் நீட்டினார்.

"இது திக்லிபூருக்கு. எந்த வீட்டுல ஓடப்போவுதோ அந்த வீட்டு டி.வி.ல ஓட்டிப் பாக்காம நான் குடுக்கிறதில்ல. ஆனா அம்புட்டுத் தூரம் பஸ்ல போனா எனக்குத் தல சுத்தும். நீங்க போயிப் பாத்துட்டு எனக்குச் சொல்லணும்."

"பஸ்ல யார்ட்டயாவது குடுத்து விட்டா…"

"குடுத்து விட்டா ஓரம் தெரியுதான்னு யாரு பாக்குறது?"

அப்பா அந்த டி.வி.டி.யைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சாக்கு. அதை அக்கா வீடுதேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டி.வி.டி.யை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் சுற்றிப் பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பஸ் ஏறினார். எச்.டி. கேமராவை அதன் சொந்தக்காரர்கூட அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை கடையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அப்பா.

"ஓடுது. மேல அக்காட்டச் சொல்லிரு. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்தாச்சு. ரெண்டு ஓரமும் தெரியுது."

அவருக்குப் பின்னால் டி.வி. சத்தம். என் கல்யாண மேளம்தான். அதற்கும் மேலே, வருஷக்கணக்காக நான் கேட்காத ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது.

"ஏல, மேலயும் கீழயும் இந்தக் கறுப்பு எதுக்குல போட்டுருக்கான்? பாதி டி.வி. வீணாப் போவுதுல்லா!"

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல, குரல் தள்ளிக் கேட்டது. "அண்ணே, அது கெடக்கட்டும்ணே. அது இருந்தாத்தான் நாம ரெண்டு பேரும் தெரியுவோம்."

கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். இதெல்லாம் நடந்து வெகு காலம் ஆகிவிட்டது. இன்று என் வீட்டுச் சுவரில் இருக்கும் அகலமான டி.வி.யில் எந்த ஓரமும் வெட்டுப்படுவதில்லை. அக்காவும் அவர் கணவரும் பிறகு எந்த ஊருக்குப் போனார்கள் என்று தெரியவில்லை. அன்று நான் மாடிக்குப் போனபோது அக்கா யாரோ ஒரு தெலுங்குக் கல்யாணத்தை மாமியாருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. முதலில் கதவைச் சாத்தினேன். போனில் கேட்டதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா திரும்பவில்லை. "ம்… ஓடுது" என்றார். புடவைத் தலைப்பால் மாமியாரின் முகத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, தன் கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டார்.

"போயி டீ சொல்லு தங்கச்சி. சக்கர தூக்கலா."